வி.ஆர். ஹெட்செட்டில் வீடு சின்னதாகத் தெரிகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

கட்டாத வீட்டை வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டில் நடந்து பார்க்கக் கொடுத்தால் வாடிக்கையாளர் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் "பெட்ரூம் இவ்வளவு சின்னதா?" என்பதுதான். பிளானில் 10க்கு 12 அடி. மாடலிலும் அதே அளவு. கண்ணுக்கு மட்டும் அந்த 12 அடி 9 அடிபோலப் படுகிறது. உடனே மாடலை 10 சதவீதம் பெரிதாக்கிக் காட்டிவிடுகிறவர்கள் உண்டு. அப்போதைக்குப் பேச்சு அடங்கும். கட்டி முடித்து, கட்டிலும் பீரோவும் போட்டுப் பார்க்கும் நாளில் அது சண்டையாகத் திரும்பி வரும்.

அளவு தவறாகத் தெரிய நான்கு இடங்களில் காரணம் இருக்கலாம். மாடலின் அலகு ஒன்று, தரை மட்டம் இன்னொன்று, லென்ஸும் திரையும் மூன்றாவது, பார்ப்பவரின் கண்ணும் மூளையும் நான்காவது. முதல் மூன்றைத் திருத்தலாம். நான்காவதைத் தணிக்கத்தான் முடியும். கோளாறு எங்கே என்று தெரியும்வரை எந்த எண்ணையும் தொடாதீர்கள்.

எதற்கும் முன்னால் இரண்டு சோதனை

முதலாவது கோல் சோதனை. மாடலின் தரையில் சரியாக 1 மீட்டர் நீளமுள்ள கோல் ஒன்றைப் படுக்க வையுங்கள். 10 செ.மீ.க்கு ஒரு தடவை சிவப்பும் வெள்ளையும் மாற்றி நிறம் கொடுத்தால் வசதி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு குனிந்து, கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் முன்விளிம்பைக் கோலின் ஒரு முனையில் வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் அதற்கு நேர் கீழே நிஜத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைக்கட்டும். மறுமுனையிலும் அப்படியே. இரண்டு தடவையும் கன்ட்ரோலரின் அதே விளிம்புதான் தொட வேண்டும், பிடித்த கோணமும் மாறக் கூடாது. பிறகு இன்ச் டேப்பால் புள்ளிக்குப் புள்ளி அளந்து பாருங்கள். 98 முதல் 102 செ.மீ.க்குள் வந்தால் மாடலும் சரி, டிராக்கிங்கும் (தலை, கை அசைவைக் கருவி பின்தொடர்வது) சரி, கோளாறு கண் வழியில் இருக்கிறது. வராவிட்டால் கண்ணைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, அலகைப் பாருங்கள்.

கையோடு, கன்ட்ரோலரை நிஜத் தரையில் கிடத்துங்கள். ஹெட்செட்டுக்குள் அது டைல்ஸ் மேல் படுத்திருக்கிறதா, மிதக்கிறதா, புதைந்திருக்கிறதா? 1 செ.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் தரை மட்டம் தவறு.

இரண்டாவது கண்மூடி நடை. தடையில்லாத 5 மீட்டர் இடம் வேண்டும். முதலில் ஹெட்செட் இல்லாமலே செய்யுங்கள்: தரையில் 3 மீட்டர் தள்ளி ஒரு குறி, 5 விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை மூடி அதுவரை நடந்து நிற்க வேண்டும். நிஜ வெளியில் பெரும்பாலானவர்கள் கிட்டத்தட்டச் சரியாகவே நிற்பார்கள். பிறகு ஹெட்செட்டோடு அதே சோதனை. குறியைப் பார்த்ததும் திரையைக் கறுப்பாக்கிவிடுங்கள், நடக்கட்டும், நின்ற இடத்தை டேப்பால் அளவெடுங்கள். இரண்டு விதத்திலும் 2, 2.5, 3, 3.5 மீட்டர் என்று வரிசை கலைத்து நான்கு தடவை. நடுவில் "கொஞ்சம் முன்னாடியே நின்னுட்டீங்க" என்று சொல்லக் கூடாது. ஒரு தடவை சொன்னாலும் மூளை தன்னைத் திருத்திக்கொள்ளும், சோதனை கெட்டுவிடும். ஹெட்செட்டின் பாதுகாப்பு எல்லைக் கோடு நடுவில் எட்டிப் பார்த்தாலும் கெடும், ஆகவே எல்லையை அகலமாக வரையுங்கள். கூட ஒருவர் கையெட்டும் தூரத்தில் நடக்க வேண்டும்.

ஹெட்செட்டோடு நடந்த தூரத்தை, அதே குறிக்கு ஹெட்செட் இல்லாமல் நடந்த தூரத்தால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். 0.85க்கு மேல் இருந்தால் அது மூளை செய்கிற வேலை என்று விட்டுவிடலாம். கீழே போனால் பாவை இடைவெளி (இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம்), தரை மட்டம், மாட்டிய விதம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: கதவு ஆளைவிட நான்கு மடங்கு உயரம், அல்லது வீடே முழங்கால் உயரம்

இது அலகுக் கோளாறு. கண்டுபிடிப்பது சுலபம், ஏனென்றால் பிழை எப்போதும் குறிப்பிட்ட சில மடங்குகளில்தான் வரும். அடியில் வரைந்ததை மீட்டராக வாசித்தால் எல்லாம் 3.28 மடங்கு பெரிது: 7 அடிக் கதவு 7 மீட்டராக நிற்கும். அங்குலத்தைச் சென்டிமீட்டராக வாசித்தால் 2.54 மடங்கு சின்னது: அதே கதவு 84 செ.மீ. அடிக்கும் அங்குலத்துக்கும் குழப்பம் என்றால் 12 மடங்கு, சென்டிமீட்டருக்கும் மீட்டருக்கும் என்றால் 100, மில்லிமீட்டர் புகுந்தால் 1000.

மாடலை ஹெட்செட்டில் ஓட்டும் மென்பொருள்களில், யூனிட்டியில் ஒரு அலகு 1 மீட்டர். அன்ரியலில் ஒரு அலகு 1 சென்டிமீட்டர். மாடலைக் கொண்டுவரும் எஃப்.பி.எக்ஸ். கோப்பு சென்டிமீட்டர் கணக்கை அடிப்படையாகக் கொண்டது, அதனால்தான் நடுவில் 100 அல்லது 0.01 என்ற எண் முளைக்கிறது. ஜி.எல்.டி.எஃப். கோப்பில் அலகு எப்போதும் மீட்டர்தான், தகராறு குறைவு. எந்த வழியில் கொண்டுவந்தாலும், உள்ளே வந்ததும் நிலைக்கதவை அளந்துவிடுங்கள்: 7 அடி என்றால் 2.134 மீட்டர். தவறினால் இறக்குமதி அமைப்பில் திருத்துங்கள். காட்சிக்குள் வைத்த பொருளை இழுத்துப் பெரிதாக்கிச் சரிசெய்தால், அடுத்த முறை கட்டடக் கலைஞர் திருத்திய பிளானை அனுப்பும்போது பழைய பிழை அப்படியே திரும்பும்.

அன்ரியலில் உலக அமைப்புகளுக்குள் ஒரு மீட்டருக்கு எத்தனை அலகு என்று ஒரு எண் உண்டு, இயல்பாக 100. கணினியோடு ஹெட்செட்டை இணைக்கும் ஸ்டீம் வி.ஆரில் ஒவ்வொரு செயலிக்கும் தனியாக உலக அளவை மாற்றும் வசதி உண்டு. யாரோ எப்போதோ விளையாட்டுக்காக மாற்றிவிட்டுப் போன எண் அங்கே ஒளிந்திருக்கும். மாடலைக் குடைவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

5 முதல் 25 சதவீதம் வரையான பிழை அலகால் வராது. அப்படித் தெரிந்தால் கீழே போங்கள்.

அறிகுறி: கோல் சரி, தரை சரி, ஆனாலும் அறை குறுகல்

அதிகம் வருவதும் அதிகம் தவறாகத் திருத்தப்படுவதும் இதுதான்.

ஹெட்செட்டுக்குள் தூரம் குறைவாகத் தெரிவது 1990களிலிருந்தே ஆய்வகங்களில் பதிவான விஷயம். 2013இல் ரென்னர் என்ற ஆய்வாளரின் குழு அதுவரையான சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, காட்டப்பட்ட தூரத்தில் சராசரியாக 74 சதவீதம்தான் உணரப்படுகிறது என்று வந்தது. 12 அடி தள்ளியுள்ள சுவர் ஏறக்குறைய 9 அடியில் நிற்பதுபோல. அந்தக் கணக்கில் பெரும்பகுதி பழைய, கனமான, பார்வை குறுகிய ஹெட்செட்டுகள். ஜொனாதன் கெல்லி 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வு எடை குறையக் குறைய, பார்வைப் பரப்பும் திரை நுணுக்கமும் கூடக் கூட மதிப்பீடு சரியாகிறது என்று காட்டியது. இன்றைய கருவியில் சுருக்கம் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. தலையில் கனம் இருப்பதே ஒரு காரணம் என்பதை, திரையே இல்லாத போலி ஹெட்செட்டை மாட்டி நிஜ உலகைப் பார்க்கச் செய்தே சோதித்திருக்கிறார்கள். அதிலும் தூரம் கொஞ்சம் சுருங்கியது.

ஆகவே முதல் வேலை கருவியைச் சரியாக மாட்டுவது. மேல்பட்டையை இறுக்கி எடையைத் தலை உச்சிக்குக் கொண்டுபோங்கள், முகத்தில் தொங்கவிடாதீர்கள். பின்பக்கம் பேட்டரி வைத்த பட்டை இருந்தால் முன்கனம் சமனாகும். கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளியை, இமை தட்டாத அளவுக்குக் குறையுங்கள். இடைவெளி கூடினால் பார்வைப் பரப்பு சுருங்கும்.

அடுத்தது, பார்க்கும் முறை. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் செங்குத்துப் பார்வை 96 பாகை. கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க, நேராகப் பார்த்தால் கண்ணுக்குக் கீழே 48 பாகைதான் தெரியும். கணக்குப் போட்டால், காலடியிலிருந்து சுமார் 1.35 மீட்டருக்கு அப்பால்தான் தரையே ஆரம்பிக்கிறது. காலருகே உள்ள தரையிலிருந்து படிப்படியாகத் தொலைவுக்குப் போய்த்தான் மூளை தூரத்தைக் கணிக்கிறது. அந்த முதல் 1.35 மீட்டர் காணாமல் போனால் கணிப்பு முழுவதும் சுருங்கும். ஆகவே அறைக்குள் நுழைந்ததும், "உங்க கால் இருக்கிற இடத்தைப் பாருங்க, அப்படியே பார்வையைத் தரை வழியா எதிர்ச் சுவர் வரைக்கும் கொண்டு போங்க" என்று சொல்லுங்கள். செலவில்லாத வைத்தியம், பத்து விநாடி ஆகும்.

மூன்றாவது, வெறும் அறையைக் காட்டாதீர்கள். வெள்ளைச் சுவரும் வழவழத் தரையும் மட்டும் இருந்தால் மூளைக்கு அளவுகோல் கிடைக்காது. உள்ளூர்க் கண் அறிந்த அளவுள்ள பொருட்களை வையுங்கள்: 6க்கு 6½ அடிக் கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி, தரையிலிருந்து 4 அடியில் ஸ்விட்ச் போர்டு, 33 அங்குல உயரச் சமையல் மேடை. டைல்ஸ்தான் இதில் முக்கியம். இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் நம் வீடுகளில் எல்லோர் கண்ணிலும் ஏறிவிட்டது, 12 அடி நீளத்துக்கு ஆறு டைல்ஸ் என்று எண்ணாமலே எண்ணுவார்கள். படத்தைத் தரையில் விரிக்கும்போது ஒரு டைல் 80 செ.மீ. ஆகிவிட்டால் அதே அறை நாலரை டைல்ஸாகக் குறைந்து, சின்ன அறையாகப் படும். 60 செ.மீ. வருகிறதா என்று ஒரு டைலை அளந்து பாருங்கள். அறை குறுகல் என்ற புகார் இந்த ஒரு எண்ணிலேயே தீர்ந்துபோவது உண்டு.

டைல்ஸ் இணைப்புக் கோடு தூரத்தில் மறைவதும் இதோடு சேர்ந்தது. குவெஸ்ட் 3இல் ஒரு பாகைக்குச் சுமார் 25 பிக்சல். 3 மி.மீ. கோடு ஏறக்குறைய 4.3 மீட்டருக்கு அப்பால் ஒரு பிக்சலைவிட மெலிந்துவிடும். அதற்குமேல் கோடு மினுக்கும், இல்லையென்றால் தரை வெறும் பளபளப்பாகிவிடும். தூரத்துப் படத்தை மினுக்காமல் காட்டும் மிப்மேப்பும் அனிசோட்ரோபிக் வடிகட்டலும் போட்டு, விளிம்பு மென்மையாக்கலை 4 மடங்கு வையுங்கள். கோட்டின் நிறத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கலாம், இந்தப் பொய் மன்னிக்கத்தக்கது. அறையின் நீள அகலத்தில் சொல்லும் பொய்தான் கூடாது.

நான்காவது கொஞ்சம் மெனக்கெட வேண்டியது, பலன் பெரிது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் விக்டோரியா இன்டெரான்டே குழு 2006இல் ஒரு சோதனை செய்தது. ஆள் நிஜமாக நிற்கிற அதே அறையின் அச்சு அசலான நகலை ஹெட்செட்டில் காட்டியபோது தூரச் சுருக்கம் கிட்டத்தட்டக் காணாமல் போனது. நீங்கள் காட்டும் அலுவலக அறையையே ஒரு நாள் உட்கார்ந்து மாடல் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் முதலில் அதில் இரண்டு நிமிடம் நடக்கட்டும், நிஜ மேசை இருக்கும் இடத்தில் மாய மேசையைத் தொட்டுப் பார்க்கட்டும், பிறகு கதவைத் திறந்து புது வீட்டுக்குள் போகட்டும். நடந்தும் தொட்டும் பார்த்த கண் அதற்குப்பின் அவ்வளவாக ஏமாறுவதில்லை.

இத்தனைக்கும் பிறகும் "சின்னதுதான்" என்றால் நிஜ டேப்பைக் கையில் கொடுத்து, நீங்கள் நிற்கும் தரையிலேயே 10க்கு 12 அடியைச் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுங்கள். ஒருவேளை அறை நிஜமாகவே சின்னதாக இருக்கலாம்.

அறிகுறி: குள்ளமாகிவிட்டதுபோல், அல்லது ஸ்டூல் மேல் நிற்பதுபோல்

தரை மட்டம். கன்ட்ரோலரைத் தரையில் கிடத்தும் சோதனையில் இது மாட்டியிருக்கும்.

தரையில் உள்ள ஒரு புள்ளியின் தூரத்தை மூளை, கண் உயரத்தையும் அந்தப் புள்ளியை எவ்வளவு குனிந்து பார்க்கிறோம் என்பதையும் வைத்துக் கணக்கிடுகிறது. கண் உயரம் 150 செ.மீ. உள்ளவர் 5 மீட்டர் தள்ளிய டைலை 16.7 பாகை கீழே காண்பார். தரை 15 செ.மீ. தவறாகக் கீழே இறங்கிவிட்டால் அதே டைல் 18.3 பாகை கீழே போய்விடும். தன் உயரம் 150 என்றே நம்பும் உடம்பு அதை 4.55 மீட்டர் என்று வாசிக்கும். மாடலில் ஒரு மில்லிமீட்டரும் மாறவில்லை, அறையில் அரை மீட்டர் போய்விட்டது.

திருத்தம்: ஹெட்செட்டின் எல்லை அமைப்பில் தரையை மறுபடி குறியுங்கள், கன்ட்ரோலரை நிஜமாகவே தரையில் தொட்டு. கம்பளம் மேல் குறித்துவிட்டு வெறும் தரையில் காட்டினால் அந்தத் தடிமனும் பிழையாகும். யூனிட்டியில் டிராக்கிங் தொடக்கம் 'தரை' என்று இருக்க வேண்டும், ஆளைத் தாங்கும் தொகுப்பின் உயரம் பூஜ்யமாக இருக்க வேண்டும். கணினித் திரைக் காட்சிக்குப் பழகிய கை கேமராவை 1.6 மீட்டருக்குத் தூக்கி வைத்துவிடும். ஹெட்செட் தன் உயரத்தையும் அதோடு கூட்ட, ஆள் பரண் மேல் ஏறிவிடுவார்.

உட்கார்ந்து பார்க்கும் பெரியவர்களுக்குக் கண் உயரம் சுமார் 1.2 மீட்டர். அப்படியே விட்டால் சமையல் மேடை நெஞ்சுக்கு வரும், ஜன்னல் எட்டாத உயரத்தில் தெரியும். கேமராவைத் தூக்கி நிற்கும் உயரம் கொடுத்தால் சிலருக்குத் தூரம் சுருங்கும், சிலருக்கு மிதப்பதுபோல் இருக்கும். இரண்டுமே முழுச் சரியில்லை. முடிந்தால் சமையலறையில் மட்டுமாவது ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: பொம்மை வீடு போல, தலையசைத்தால் பொருட்கள் வழுக்குகின்றன

பாவை இடைவெளி. கண்ணாடிக் கடையில் பி.டி. என்று எழுதித் தருவது இதைத்தான். பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ. என்றாலும் ஆளுக்கு ஆள் நிறைய வேறுபடும். ஹெட்செட்டின் லென்ஸ் 68இல் நிற்க, கண் 58 என்றால், வடிவியல் கணக்குப்படி உலகம் 58/68, அதாவது 0.85 ஆகச் சிறுக்க வேண்டும். தரை உயரமும் தெரிந்த பொருட்களும் முட்டுக்கொடுப்பதால் உணர்வது அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் வழுக்கல் தப்பாது: இரு கண் கணக்கு "பக்கத்தில்" என்கிறது, தலையசைவு "தூரத்தில்" என்கிறது, இழுபறியில் தூண் நகர்வதுபோல் தோன்றும்.

அளக்கும் விதம்: அவர் உங்கள் தோளுக்குப் பின்னால் தூரத்தைப் பார்க்கட்டும், உங்கள் மூக்கைப் பார்க்கக் கூடாது. மில்லிமீட்டர் ஸ்கேலை அவர் புருவத்தில் சாய்த்து, உங்கள் வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் அவர் வலப்பாவையின் நடுவில் 0 வையுங்கள். பிறகு உங்கள் இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் அவர் இடப்பாவையின் நடுவில் எண்ணைப் படியுங்கள். குவெஸ்ட் 2, 3எஸ் இரண்டிலும் 58, 63, 68 என்று மூன்று நிலைகள்தான், பக்கத்தில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். குவெஸ்ட் 3இல் சக்கரத்தைத் திருப்பினால் மி.மீ. எண் திரையிலேயே தெரியும். குடும்பமாக வந்து ஆளுக்கொரு தடவை மாட்டிப் பார்க்கும்போது கணவருக்கு வைத்த 67 மனைவிக்கும் மகளுக்கும் அப்படியே போவதுதான் வழக்கமான தவறு.

அட்டைப்பெட்டிக்குள் போனைச் செருகும் கருவி என்றால், அதன் மேலுள்ள கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யாமல் பார்க்கவே வேண்டாம். லென்ஸ்களின் இடைவெளி, திரைக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம், லென்ஸ் வளைவைச் சரிக்கட்டும் எண்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வேறு பெட்டியின் குறியீடு இருந்தால் கோணமே மாறும்.

அறிகுறி: தலையைத் திருப்பினால் நிலைக்கதவின் சட்டம் வளைந்து நெளிகிறது

கண் லென்ஸின் நடுவில் இல்லை. ஹெட்செட்டைக் கன்னத்தில் ஒரு செ.மீ. ஏற்றி இறக்கி, எழுத்து கூர்மையாகும் இடத்தில் பட்டையை இறுக்குங்கள். மூக்குக் கண்ணாடி தள்ளிக்கொண்டு நின்றால் இடைவெளி வளையத்தைச் செருகுங்கள் அல்லது அந்த அமைப்பை ஒரு படி கூட்டுங்கள். ஓரத்தில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வளைவல்ல, ஓரப் பிக்சலைக் குறைத்து வரையும் அமைப்பு. ஒரு நிலை கீழே இறக்குங்கள்.

அறிகுறி: நின்றால் சரி, திரும்பினால் வீடு பின்தங்கி வருகிறது, அல்லது மெல்ல நகர்கிறது

இரண்டும் வேறு வேறு. பின்தங்கினால் ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படம்) தவறுகிறது. 72 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 13.9 மில்லிவிநாடி, 90இல் 11.1, 120இல் 8.3. இதற்குள் வரைந்து முடிக்காவிட்டால் கருவி பழைய படத்தைத் திருப்பி ஒப்பேற்றும், பக்கத்துத் தூண்களின் விளிம்பு நடுங்கும். வெளிச்சத்தை நேரடியாகக் கணக்கிடாமல் முன்கூட்டியே பதித்துவிடுங்கள், கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறையுங்கள், கட்டிலின் செதுக்கு வேலையில் இருக்கும் லட்சக்கணக்கான முக்கோணங்களைக் களையுங்கள். 120இல் தடுமாறுவதைவிட 72இல் நிலையாக ஓடுவது மேல். கணினியிலிருந்து வைஃபை வழியாக அனுப்பினால் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே கேபிள் போடுங்கள், ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கட்டும்.

வீடு தானாக நகர்ந்தால் டிராக்கிங். ஹெட்செட்டின் கேமராக்களுக்குப் பிடிமானம் வேண்டும். வெறும் வெள்ளைச் சுவர், பெரிய கண்ணாடி, இருட்டு, நேர் வெயில் எல்லாம் எதிரி. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிராக்கிங் அமைப்பில் அலைவரிசை 60 என்று நிலைத்துவிட்டால் மலிவான எல்.இ.டி. விளக்கின் துடிப்பு கேமராவைக் குழப்பும். 50க்கு மாற்றுங்கள். வெயில் லென்ஸ் வழியே உள்ளே விழுந்தால் திரை கருகும், அதற்கு மாற்று கிடையாது. ஜன்னலோர மேசையில் லென்ஸை மேல்நோக்கி வைக்காதீர்கள்.

அறிகுறி: சோஃபா மிதக்கிறது, செங்கல் சுவர் ஒட்டிய காகிதம் மாதிரி

மிதப்புக்குக் காரணம் காலடி நிழல் இல்லாதது. பொருள் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய கருமை விழாவிட்டால் அது முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. பதிக்கும்போதே மூலை நிழலையும் சேர்த்துப் பதியுங்கள்.

செங்கல்லின் மேடுபள்ளத்தை நார்மல் மேப் (வெளிச்சத்தால் மேடுபள்ளம்போல் காட்டும் படம்) மட்டும் வைத்து ஏமாற்றுவது கணினித் திரையில் நடக்கும். இரண்டு கண்ணும் தனித்தனிப் படம் பார்க்கும் இடத்தில் 2 மீட்டருக்குள் வந்ததும் குட்டு உடைந்துவிடும். கைக்கெட்டும் தூரத்துச் சுவருக்கு நிஜ வடிவம் கொடுங்கள், தூரத்து மதிலுக்குப் பழைய வழியே போதும். அட்டையில் வெட்டிய தென்னை மரம் 15 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும்.

சுவரருகே போனால் சுவர் வெட்டுப்பட்டு உள்ளே தெரிகிறதா? யூனிட்டி கேமராவின் அருகு எல்லை (அதைவிடப் பக்கத்தில் உள்ளதை வரையாது) இயல்பாக 0.3 மீட்டரில் இருக்கும், 0.05க்குக் குறையுங்கள்.

அறிகுறி: பக்கத்தில் கொண்டுவந்தால் இரண்டாகத் தெரிகிறது, கண் இழுக்கிறது

திரையின் குவியம் ஒரே தூரத்தில், பெரும்பாலான கருவிகளில் ஒன்று முதல் இரண்டு மீட்டருக்குள் எங்கோ, நிலைத்திருக்கிறது. 20 செ.மீ.யில் பிடித்த கைப்பிடி மாதிரியைப் பார்க்க விழிகள் உள்நோக்கித் திரும்பும், குவியமோ நகராது. இது கருவியின் குணம். மெனு, விலைப்பட்டியல் எல்லாவற்றையும் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள், அரை மீட்டருக்குள் எதையும் உற்றுப் பார்க்கவிடாதீர்கள். மாறுகண் உள்ளவர்களுக்கு இரு கண் ஆழமே கிடைக்காமல் இருக்கலாம். அவர்களைத் தலையைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கச் சொன்னால் ஆழம் பிடிபடும்.

அறிகுறி: "நான் இப்ப எந்த ரூம்ல இருக்கேன்?"

அளவு சரி, திசை தொலைந்தது. சோதனை: மூன்று அறை தாண்டியதும் "வாசல் எந்தப் பக்கம்? கையை நீட்டுங்க" என்று கேளுங்கள். 45 பாகைக்குமேல் தவறினால் வீட்டின் அமைப்பு மனசில் ஏறவில்லை என்று பொருள்.

குற்றவாளி, பட்டென்று தாவிப் போகும் டெலிபோர்ட். உடம்பு நடக்காமல், காட்சியும் ஓடாமல் இடம் மாறினால் மூளைக்குக் கணக்கு வைக்க ஒன்றுமில்லை. மயக்கம் வராமலிருக்க அதை வைக்கிறோம், விலையாகத் திசையைக் கொடுக்கிறோம். தாவலை ஒரே அறைக்குள்ளும் அடுத்த வாசல் வரையிலும் மட்டும் அனுமதியுங்கள். இறங்கும்போது முகம் முன்பு பார்த்த திசையையே பார்க்கட்டும், தாவும்போதே திருப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். கட்டைவிரலால் 30 அல்லது 45 பாகையாகத் திருப்புவதைவிட, ஆள் நிஜமாகத் திரும்புவது எவ்வளவோ மேல். சுழல் நாற்காலி போதும். மாடிக்குப் படியேறியே போகட்டும், ஒரே தாவலில் மேலே போனால் கீழ்வீட்டோடு மாடி ஒட்டாது.

வெயிலை மனையின் நிஜக் கிழக்கிலிருந்து விழவிடுங்கள். காலை வெளிச்சம் எந்த ஜன்னலில் வருகிறது என்பதே திசைகாட்டி. வாஸ்து பார்ப்பவர்கள் பூஜை அறை ஈசானியத்தில் இருக்கிறதா என்று எப்படியும் கேட்பார்கள், அவர்களுக்கும் பதில் அதிலேயே கிடைத்துவிடும். நகரும்போது ஓரத்தை இருட்டாக்கும் திரை இருந்தால், நின்றதும் அது முழுவதும் விலக வேண்டும்.

அறிகுறி: 360 பாகைப் படத்தில் ராட்சசனாகவோ குழந்தையாகவோ உணர்வது

அந்தப் படத்தில் உங்கள் உயரம் முக்காலியின் உயரம்தான். 2 மீட்டரில் எடுத்திருந்தால் எல்லோரும் ராட்சசர்கள். 1.5 மீட்டரில், சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி எடுங்கள். முன்னால் சாய்ந்தால் உலகமும் கூடவே வரும், ஏனென்றால் அதில் கோணம் மட்டுமே இருக்கிறது, இடமாற்றம் இல்லை. இதை வைத்து அறை அளவைப் பேசவே கூடாது, வண்ணமும் வெளிச்சமும் பேசலாம்.

அறிகுறி: கழற்றியபின் கை தப்புகிறது

அரை மணி நேரம் தவறான இடைவெளிக்குப் பழகிய கண், கழற்றியதும் டம்ளரை எட்டும்போது சற்று முன்பின் ஆகும். சில நிமிடம் நடந்து, நாலு பொருளைத் தொட்டால் தெளியும். ஒரு தடவைக்கு 15 நிமிடத்தோடு நிறுத்துங்கள். கழற்றியதும் ஒரு நாற்காலி கொடுங்கள். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நேராகப் படியிறங்க விடாதீர்கள்.